பள்ளத்தில் அடிபட்ட கேம்பர் டிரைலர்: கேள்வி பதில்

வீட்டிலேயே கட்டிய கேம்பர் டிரைலர்களில் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் பெட்டி) சாலை அடியால் வரும் பழுதுகளும், அவற்றைச் சரிசெய்யும்போதே செய்துகொள்ளக்கூடிய மேம்பாடுகளும்தான் இந்த முறை. கேள்வி கேட்கும்போது மொத்த எடை, பைப்பின் கனம், டயர் அளவு மூன்றையும் எழுதுங்கள். இவை தெரியாமல் சொல்லும் பதில் பாதிப் பதில்தான்.

கேள்வி (பள்ளிக்கரணை): அண்ணா, திண்டிவனம் தாண்டி ஒரு பெரிய பள்ளத்துல இறங்கிருச்சு. டிராபாரும் (டிரைலரை வண்டியோட இணைக்கிற முன் பைப்) முன் குறுக்கு பைப்பும் சேர்ற இடத்துல, அடிப்பக்கம் விரிசல். 50×50 பாக்ஸ் பைப், 2 மி.மீ கனம். மொத்த எடை 650 கிலோ. பட்டறைக்காரர் மேல ஒரு வெல்டு இழுத்துட்டா போதும்னு சொல்றார். போதுமா?

பதில்: போதாது. விரிசல் ஏன் அடிப்பக்கத்தில் விட்டது என்று முதலில் பாருங்கள். முன்னால் டிராபாரை வண்டியின் கொக்கியிலுள்ள இரும்புக் குண்டு (பால்) தாங்குகிறது, பின்னால் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் தாங்குகிறது. நடுவில் சுமை கீழே அழுத்துவதால் பைப்பின் அடி முகம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்த முகத்திலேயே குறுக்கு பைப்பை வைத்து வெல்டு செய்திருக்கிறீர்கள். வெல்டின் ஓரத்தில் இரும்பு சூடு பட்டுத் தன்மை மாறியிருக்கும், சின்னப் பள்ளமும் விழுந்திருக்கும். விரிசல் அங்கேதான் தொடங்கும். திண்டிவனம் பள்ளம் கடைசி அடி மட்டுமே. விரிசல் வாயில் துரு பழுப்பாக இருந்தால் அது பல மாதமாகவே வளர்ந்து வந்தது என்று அர்த்தம்.

2 மி.மீ பைப் கேட்டுக்கும் கிரில்லுக்கும் எடுப்பது. 650 கிலோவுக்கு அதை ஒட்டி ஓட்டாதீர்கள், டிராபாரையே மாற்றுங்கள். 80×40×4 மி.மீ பாக்ஸ் பைப்பை, 80 பக்கம் நிமிர்ந்து நிற்கிற மாதிரி வைத்தால் வளைவைத் தாங்கும் பலம் உங்கள் பைப்பைப் போல சுமார் 3 மடங்கு. எடை மீட்டருக்கு 3 கிலோவாக இருந்தது 7 கிலோ ஆகும். இந்த எடை கூடினால் பரவாயில்லை. புது டிராபாரை முன் குறுக்கு பைப்போடு நிறுத்தாமல் இரண்டாவது குறுக்கு பைப் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): அதே இடத்தில்தான் எனக்கும் விரிசல் சார். ஆனால் பைப் 4 மி.மீ. அப்போதும் மாற்றணுமா?

பதில்: வேண்டாம், இதைச் சரிசெய்யலாம். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் சாமான், தண்ணீர் எல்லாவற்றையும் இறக்குங்கள். விரிசலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, விரிசல் மூடும் வரை லேசாகத் தூக்குங்கள். கப்ளர் (பால் மேல் உட்காரும் பூட்டு) நடுவிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் 3 மி.மீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேஸ் (அடிச்சட்டம்) கோணியிருக்கிறது. அதை நேராக்காமல் வெல்டு செய்தால் அந்தக் கோணல் அப்படியே நிலைத்துவிடும்.

சுற்றிலும் 75 மி.மீக்குப் பெயிண்டைச் சுரண்டி, டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடியுங்கள். சிவப்பு மையை அடித்து 10 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். கண்ணுக்குத் தெரிந்த முனையைத் தாண்டி அது இன்னும் நீண்டிருக்கும், அதற்குத்தான் இந்த ஸ்ப்ரே. அந்த உண்மையான முனையில் 4 மி.மீ டிரில் ஓட்டை போடுங்கள். கூர்மையான முனை வட்டமாகிவிட்டால் விரிசல் மேலே ஓடாது.

பிறகு கிரைண்டரால் வி வடிவில் தோண்டி, 7018 வெல்டிங் ராடால் நிரப்புங்கள். 2.5 மி.மீ ராடுக்கு 80, 90 ஆம்பியர் சரியாக வரும். 7018 ஈரம் இழுக்கும் ராடு. சென்னைக் காற்றில் பாக்கெட்டைப் பிரித்து வைத்திருந்த ராடை அப்படியே பயன்படுத்தக் கூடாது, அடுப்பில் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்துதான் எடுக்க வேண்டும். ஈர ராடில் போட்ட வெல்டு மேலே பளபளப்பாகத் தெரியும், உள்ளே விரிசல் விடும். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது.

கடைசியாக 5 மி.மீ தகடு. பைப்பின் இரண்டு பக்கவாட்டிலும், 300 மி.மீ நீளத்தில், இரு முனையும் கூம்பிய டைமண்ட் வடிவில் வெட்டுங்கள். நீள ஓரங்களில் மட்டும் வெல்டு. சதுரமாக வெட்டி நாலு பக்கமும் வெல்டு வைத்தால், பலம் திடீரென மாறும் அந்தக் குறுக்குக் கோட்டிலேயே அடுத்த விரிசல் வரும். அடி முகத்தில் குறுக்கே ஒரு வெல்டும் கூடாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெல்டு தொடங்கும் முன் பேட்டரி, சோலார் கன்ட்ரோலர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். வசதிக்காகச் சக்கரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் ரோலரில் குழி விழுந்துவிடும். இரண்டு மாதம் கழித்து பேரிங் சத்தம் போடும்போது காரணம் யாருக்கும் தெரியாது.

கேள்வி (வேளச்சேரி): மழையில் தெருவில் முக்கால் சக்கரத்துக்குத் தண்ணீர். டிரைலர் ஒரு நாள் அதிலேயே நின்றது. இப்போது ஓடுகிறது, சத்தம் இல்லை. ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) பிரிக்கணுமா?

பதில்: கட்டாயம் பிரியுங்கள். சத்தம் வந்த பிறகு பிரித்தால் பேரிங்கோடு ஆக்ஸில் முனையும் போயிருக்கும். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவிக் காயவையுங்கள். ரோலரிலோ கப்பிலோ (ரோலர் உருளும் வெளி வளையம்) குழியோ நீல நிறமோ இருந்தால் பேரிங், கப் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். கப்பை விட்டுவிட்டு பேரிங் மட்டும் மாற்றுவது வீண். சீலை எப்படியும் புதிதாகப் போடுங்கள், அது சின்னச் செலவு. லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுங்கள். மறுபக்கம் ரோலர்களுக்கு இடையே கிரீஸ் பிதுங்கி வர வேண்டும்.

மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றுவது கனமாகும் இடத்தில் நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, பிறகு கையால் மட்டும் திருகி, அடுத்த காடியில் ஸ்பிளிட் பின்னைப் போடுங்கள். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். 20 கிலோமீட்டர் ஓட்டி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டு இறுக்கம் அதிகம்.

இன்னொன்று: நெடுந்தூரம் ஓடிய சூட்டோடு வெள்ளத்தில் இறக்காதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

கேள்வி (தாம்பரம்): ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் போய்விட்டது. போல்ட் தரம் சரியில்லையா அண்ணா?

பதில்: போல்ட் மேல் தப்பில்லை. பட்டைகளையும் ஆக்ஸிலையும் இறுக்கிப் பிடிப்பது யு போல்ட். அது தளர்ந்தால் முழுச் சுமையும் சென்டர் போல்ட்டின் மேல் வெட்டாக விழும். எவ்வளவு நல்ல போல்ட்டானாலும் அறுந்துவிடும். யு போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், மரை நீண்டிருக்கும். புதிது வாங்குங்கள். 8.8 தரம், 12 மி.மீ என்றால் 80 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்சால் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். டிரைலரைத் தரையில் இறக்கிச் சுமை ஏற்றிய பிறகு மறுபடி இறுக்குங்கள். 100 கிலோமீட்டரில் இன்னொரு முறை. புதுப் பட்டைகள் படிந்ததும் கண்டிப்பாகத் தளரும். முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றாவது இறுக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (அண்ணா நகர்): தம்பி, எனக்கு வயசு அறுபத்தெட்டு, டிரைலர் கட்டியது பையன். பின்பக்கம் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்ததிலிருந்து 70 கிலோமீட்டர் வேகத்தில் வால் ஆடுகிறது. ஷாக் அப்சார்பர் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது ஐயா. இது எடை உட்கார்ந்திருக்கும் இடத்தால் வருவது. தொட்டி ஆக்ஸிலுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் இருக்கிறது, பால் ஆக்ஸிலுக்கு முன்னால் 3 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவை 1.2 ஆல் பெருக்கி 3 ஆல் வகுத்தால் 24. அதாவது முன்னால் பால் மேல் இருந்த அழுத்தத்தில் 24 கிலோ குறைந்துவிட்டது. டிரைலர் நேராக ஓட, மொத்த எடையில் 7 முதல் 10 சதவிகிதம் பால் மேல் இருக்க வேண்டும். 600 கிலோ டிரைலருக்கு 42 முதல் 60 கிலோ. வண்டியின் கொக்கி தாங்கும் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பது எளிது. டிரைலர் மட்டமாக நிற்கும்போது, கப்ளருக்கு நேர் கீழே ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதை வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் வையுங்கள். மெஷின் காட்டுவதுதான் பால் எடை. மொத்த எடைக்கு லாரி எடைமேடையில் ஏற்றுங்கள், அதில் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும், அது போதும். பையனிடம் சொல்லித் தொட்டியை ஆக்ஸிலுக்கு நேர் மேலே மாற்றச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் தொட்டி நிறைந்தாலும் காலியானாலும் முன் எடை மாறாது. ஆடும்போது பிரேக்கை அழுத்த வேண்டாம், திருப்பிப் பிடிக்கவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி (போரூர்): டயர் பக்கவாட்டில் ஒரு கட்டி. ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி உள்ளே நூல் அறுந்திருக்கிறது. ஸ்டெப்னி அவசரத்தில், சுமையோடு ஓடுவது, அதற்கு இது ஆகாது. புது டயர் வாங்கும்போது லோடு இன்டெக்ஸை (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பாருங்கள்: 69 என்றால் 325 கிலோ, 74 என்றால் 375, 82 என்றால் 475. இது ஒரு டயருக்கு. 650 கிலோ டிரைலருக்கு 69 போட்டால் இரண்டு டயரும் சேர்ந்து சரியாக 650தான் தாங்கும், பள்ளத்துக்கு மிச்சமே இல்லை. டயரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

கேள்வி (ராயபுரம்): அடிபட்ட பிறகு மூலையில் ஒழுகி, தரை பிளைவுட் உப்பியிருக்கு. சிலிக்கான் அடிச்சும் நிக்கல.

பதில்: சிலிக்கான்தான் பிரச்சினை. பெட்டி குலுங்கும்போது அது விளிம்பில் உரியும், அதன் மேல் வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். மூலை அலுமினிய ஆங்கிளைக் கழற்றி, கீழே பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்ப மாட்டி, ஓரத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் கொடுங்கள். 3 மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு கிட்டத்தட்ட 3 மி.மீ நீளும். மே மாத வெயிலில் நின்ற கூரை மேல் திடீர் மழை பெய்தால் அவ்வளவும் ஒரே நேரத்தில் சுருங்கும். அதோடு சேர்ந்து நீளக்கூடிய சீலன்ட்தான் நிலைக்கும். ஜன்னலுக்கு மேலும் பக்கவாட்டிலும் மட்டும் அடையுங்கள், அடியில் விட்டுவிடுங்கள். தப்பி உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும்.

பிளைவுட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கும் இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் 15 செ.மீ தள்ளி வெட்டி எடுங்கள். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள். வெட்டிய ஓரங்களுக்கு மூன்று கோட் எபாக்ஸி வேண்டும், தண்ணீர் குடிப்பது ஓரம்தான்.

கேள்வி (பெருங்குடி): ஃபிரிட்ஜ் அடிக்கடி நிற்கிறது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. ஒயர் 1.5 சதுர மி.மீ, தூரம் 7 மீட்டர். இன்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் மினுக்குகிறது.

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்தால், போக வர 14 மீட்டர் ஒயரில் மட்டும் 0.8 வோல்ட் போய்விடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். வோல்ட் மீட்டரை ஃபிரிட்ஜ் பிளக்கில் வைத்து, அது ஓடும்போது பாருங்கள், பேட்டரியில் அல்ல. 6 சதுர மி.மீ காப்பர் ஒயர் இழுத்தால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கு வரும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சேஸ் விளிம்பில் ஒயர் உரசும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள்.

மினுக்குவது எர்த். கப்ளர் பால் வழியாகத்தான் எர்த் போகிறதா என்று பாருங்கள். கிரீஸும் துருவும் உள்ள இடத்தை நம்பக் கூடாது. 7 பின் பிளக்கில் எர்த்துக்கென்று தனி ஒயர் கொடுங்கள்.

கேள்வி (கோவளம்): ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது. ஆக்ஸிலைப் பட்டைக்குக் கீழே மாற்றலாமா? கடல் பக்கம் என்பதால் துருவும் இருக்கிறது.

பதில்: மாற்றலாம், ஆக்ஸில் விட்டமும் பட்டைக் கட்டின் தடிப்பும் சேர்ந்து சுமார் 10 செ.மீ உயரும். பட்டை உட்காரும் பேட்களைப் புது இடத்தில் வெல்டு செய்ய வேண்டும். வளைவு கொடுத்த ஆக்ஸிலைத் தலைகீழாகத் திருப்பிவிடாதீர்கள், சக்கரம் சாய்ந்துவிடும். உயர்ந்த பிறகு கப்ளரும் உயரும், வண்டியின் பால் தகட்டையும் ஏற்றி டிரைலரை மட்டமாக்குங்கள். வளைவுகளில் சாய்வது கூடும், அதனால் கனமான சாமானைக் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள்.

துருவுக்கு: பாக்ஸ் பைப்பின் தாழ்ந்த முனைகளில் 8 மி.மீ ஓட்டை போட்டுத் தண்ணீர் வடியவிட்டு, உள்ளே கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்கும் மெழுகு) அடியுங்கள். வெளியே ஜிங்க் பிரைமர், மேல் எபாக்ஸி. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நேராகப் படக் கூடாது, உப்புக் காற்றில் ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நைலான் வாஷர் கொடுங்கள்.

கேள்வி (மாதவரம்): இதுக்கெல்லாம் ரெஜிஸ்ட்ரேஷன் வேணுமா சார்?

பதில்: வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே டிரைலரும் வருகிறது. டிராபார், ஆக்ஸில் மாதிரி பெரிய மாற்றம் செய்யும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், வேலை முடிந்த பிறகு அல்ல.