ஆடிக்கு முன் ஆட்டை விற்கலாமா?

கேள்வி: ஓமலூர் பக்கம் 18 மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டை ஆடுகளும் ஒரு கிடாயும் வளர்க்கிறேன். போன வருடம் வைகாசி மழைக்குப் பின், புல் தளிர்த்த ஒரே வாரத்தில் நான்கு குட்டிகள் இறந்தன. நான்கும் மந்தையிலேயே கொழுத்தவை. மாலையில் நன்றாக மேய்ந்து திரும்பியவை விடியற்காலையில் பட்டியில் செத்துக் கிடந்தன. பாம்பு தீண்டியிருக்கும் என்கிறார்கள். இந்த முறை ஆடி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, தைக்கு மேல் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் தரகர். விற்றுவிடட்டுமா?

பதில்: விற்காதீர்கள். பாம்புக்குக் கொழுத்தது, இளைத்தது என்ற கணக்கு கிடையாது. நீங்கள் எழுதியிருப்பது துள்ளுமாரி நோயின் அடையாளம்.

இதன் கிருமி நல்ல ஆட்டின் குடலிலேயே சிறிதளவு இருக்கும். கோடை முழுவதும் சருகும் காய்ந்த புல்லும் தின்ற ஆடு, திடீரென்று தளிர்ப்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால், சரியாகச் செரிக்காத தீவனம் சிறுகுடலுக்குள் இறங்கிவிடும். அங்கே கிருமி சில மணி நேரத்தில் பெருகி நஞ்சைக் கக்கும். நிறையத் தின்னும் குட்டிதான் முதலில் மாட்டிக்கொள்ளும். தலை பின்னுக்கு வளையும், துள்ளி விழும், படுத்த நிலையில் கால்களை உதறும். பெரும்பாலும் இதெல்லாம் நடப்பது இரவில், நாம் தூங்கும்போது. வைத்தியத்துக்கு அவகாசமே இருக்காது என்பதால் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும்.

இது வரை போடாத மந்தை என்றால் பங்குனி முடிவதற்குள் முதல் ஊசி, இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசி. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு, "ஊசி போட்டும் செத்துவிட்டது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அடுத்த ஆண்டு முதல் மழைக்கு முன் ஒரு முறை போட்டால் போதும். மூன்று, நான்கு மாதக் குட்டிகளை விட்டுவிடாதீர்கள். உங்களிடம் செத்தவையும் குட்டிகள்தாம்.

ஊசியை எங்கே போய்ப் போடுவது என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் அரசு நிறுவனமே கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரித்து வருகிறது. ஆனாலும் பல ஊர்களில் மழை பிடித்து, நாலு ஆடு செத்த பிறகுதான் முகாம் நடக்கிறது. பதினெட்டு ஆட்டுக்காகப் பாட்டிலைத் திறக்க முடியாது என்று கால்நடை மருந்தகத்தில் சொல்வார்கள். திறந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக உங்களைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. அக்கம்பக்கத்துப் பட்டிகளையும் சேர்த்து, மொத்தம் எத்தனை ஆடு என்று எழுதி மனுவாகக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். சட்டைப் பையில் மருந்தை வைத்துக்கொண்டு பைக்கில் ஊர் ஊராக வந்து ஊசி போடுபவரிடம் மட்டும் ஆட்டைப் பிடித்துக் கொடுக்காதீர்கள். ஐஸ் பெட்டியில் வராத தடுப்பூசி தண்ணீருக்குச் சமம்.

சினை ஆட்டுக்கு ஊசி போட்டால் குட்டி விழுந்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்துவார்கள். ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் எதிர்ப்புச் சக்தி போகும். சினை ஆட்டைத் துரத்திப் பிடிப்பதும், கால்களுக்கு நடுவில் இறுக்குவதும்தான் ஆபத்து. நிழலில் நிறுத்தி மெதுவாகப் பிடியுங்கள். சினை ஆட்டுக்கு உண்மையிலேயே எச்சரிக்கை வேண்டியது குடற்புழு மருந்தில். கிடாய் சேர்ந்த முதல் ஒரு மாதத்துக்குள் அல்பெண்டசோல் கொடுத்தால் கரு ஊனமாகலாம். கிடாய் எந்நேரமும் மந்தையோடு திரிந்தால் எந்தப் பெட்டை எப்போது சினை பிடித்தது என்று உங்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட மந்தைக்குக் கடைக்காரர் கொடுக்கிற அல்பெண்டசோல் பாட்டிலை வாங்காமல், ஃபென்பெண்டசோல் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மாதாமாதம் புழு மருந்து ஊற்றவும் வேண்டாம். புழு மருந்துக்குப் பழகிவிடும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அவசரமில்லை, வெளுத்திருந்தால் மருந்து வேண்டும்.

முதல் மழைக்குப் பின் பத்து நாள் மேய்ச்சலைக் கட்டுப்படுத்துங்கள். காலையில் கடலைக்கொடியோ சோளத்தட்டோ போட்டு, பசி பாதி அடங்கிய பிறகு ஓட்டுங்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டவே கூடாது.

செத்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறிக்குக் கொடுக்காதீர்கள். கால்நடை உதவி எண் 1962-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.

தரகர் சொன்னதற்கு வருகிறேன். ஆடிக்கு முன் விற்கச் சொல்வது உங்கள் ஆடு செத்துவிடும் என்ற அக்கறையினால் அல்ல. ஆடியில் ஊர் ஊருக்கு அம்மன் கோயில் கிடா வெட்டு, விலை ஏறும். ஆனியில் உங்களிடம் பயத்தை விதைத்து வாங்குபவர் ஆடியில் சந்தையில் நிறுத்துவார். பிறகு தையில் உங்களுக்குத் தரப்போவது பல சந்தைகளில் பொறுக்கிய கலப்பு மந்தை. ஆட்டுக்கொல்லி நோயும் அம்மை நோயும் அவற்றோடு பட்டிக்குள் வரும். விற்க வேண்டிய கிடாய்க் குட்டிகளை ஆடி பிறந்த பிறகு விற்பனைக்கு விடுங்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசும் விலைக்குத் தலையாட்டாமல், தொங்கும் தராசு ஒன்று வாங்கி எடை போட்டு, உயிர் எடைக்கு விலை கேளுங்கள். தராசைப் பார்த்ததும் கோபப்படும் தரகருக்கு ஆட்டைக் கொடுக்க வேண்டாம். பெட்டைகளில் ஒன்றைக்கூட விற்காதீர்கள். கிடாயை மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்களுக்கு அருகில் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். வெளியிலிருந்து எந்த ஆடு வந்தாலும் மூன்று வாரம் தனிப் பட்டி, தனித் தண்ணீர்த் தொட்டி.