சுக்னா ஏரிக்கரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மகனுக்கு மொகாலியில் வேலை. ஐந்து மாதமாக அவனோடு இருக்கிறேன். போன ஞாயிறு மாலை சண்டிகரில் உள்ள சுக்னா ஏரிக்குக் கூட்டிப்போனான். பெடல் படகுக்கு நீளமான வரிசை, பலூன், ஐஸ்கிரீம், திரும்பிய பக்கமெல்லாம் செல்ஃபி. நான் செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்தில் பிறந்தவள். எனக்கு ஏரி என்றால் மதகு, ஆயக்கட்டு, நெல். இது ஜனங்கள் உலாவுவதற்கென்றே கட்டிய ஏரியாம். பார்க்க அழகுதான், ஆனால் மனசு ஒட்டவில்லை. நீங்கள் அந்த ஊரில் சில வருடங்கள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். செயற்கை ஏரியில் உங்களுக்கு என்ன பிடித்தது?

ஒரு வாசகி, மொகாலி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 'செயற்கை' என்ற சொல். உங்கள் ஊர் ஏரியும் யாரோ மண் சுமந்து கரை போட்டதுதானே? வீராணம் பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டியது. பழசாகிவிட்டதால் அது இயற்கை போலத் தெரிகிறது. சுக்னாவுக்குக் கரை போட்டது 1958இல். வயது வித்தியாசம்தான், மற்றபடி இரண்டும் ஒரே சாதி.

நீங்கள் போன நேரம் சரியில்லை என்பேன். ஞாயிறு மாலை அது பொருட்காட்சித் திடல். விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாற்றை அங்கே 'சோ' என்பார்கள். சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் சுக்னா சோவை மறித்துத்தான் இந்த ஏரி. நகரத்தை வடிவமைத்த லெ கார்புசியேயும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கார்புசியே இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார்: தண்ணீரில் மோட்டார் படகு கூடாது, கரையின் மேல் வண்டி போகக் கூடாது. நகரத்து இரைச்சலிலிருந்து ஜனங்கள் தப்பித்து வந்து அமைதியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். காலை ஆறு மணிக்கு அந்தக் கரையில் நின்றால் அது புரியும். நடப்பவர்களின் செருப்புச் சத்தம், தூரத்தில் ஒரு துடுப்பு, அவ்வளவுதான் காதில் விழும். கார்புசியேயின் உறவினர் பியேர் ழான்னரே, சுவிட்சர்லாந்துக்காரர், கட்டடக் கலைஞர், பல வருடம் சண்டிகரிலேயே தங்கி வேலை பார்த்தவர். அவர் ஆசைப்படியே அவருடைய அஸ்தியை 1970இல் இந்த ஏரியில்தான் கரைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஏரிகளுக்கா பஞ்சம்?

ஆனால் எனக்கு ஏரி நெருக்கமானது இதனால் எல்லாம் இல்லை. ஒரு ஜனவரிக் காலை. பனியில் எதிர்க்கரை தெரியவில்லை. கம்பளிப் போர்வை சுற்றிய ஒரு சர்தார்ஜி தண்ணீர் ஓரம் குனிந்து, கல் பதித்த சரிவின் இடுக்கிலிருந்து ஒரு பிடி சேற்றை எடுத்து என் கையில் வைத்தார். வெளிர் மஞ்சள் நிறம், மாவு மாதிரி நைஸ். "மலை கரைந்து வந்தது. இதை நான் சட்டி சட்டியாகச் சுமந்திருக்கிறேன்" என்றார்.

சிவாலிக் மண் அப்படித்தான், ஒரு மழைக்கே கரைந்து ஓடும். தொடக்கத்தில் சோ நேராக ஏரிக்குள் விழுந்ததால் வண்டல் வேகமாக நிரம்பியது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் 25 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தைக் கையகப்படுத்தி மரம் வைத்தார்கள். 1974இல் சோவின் போக்கையே திருப்பிவிட்டார்கள். அதற்கப்புறமும் மண் வந்தது. 80களின் இறுதியில் கோடைகாலங்களில் சிரமதானம் என்று ஊரையே அழைத்தார்கள். குமாஸ்தா, மாணவர், ஓய்வுபெற்ற ராணுவக்காரர் என்று வரிசையாக நின்று சட்டி மாற்றியிருக்கிறார்கள். அமிர்தசரஸ் பொற்கோயில் குளத்தில் வண்டல் அள்ளுவதைப் புண்ணியமாக நினைத்துச் செய்கிற மண் அது, சொல்லியா தர வேண்டும்? நம் ஊரில் ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரும் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்ததே, உங்கள் அப்பா காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் போயிருப்பார். அந்தக் கிழவரின் கைச்சேற்றைப் பார்த்தபோது எனக்கு நம் ஏரிக்கரை ஞாபகம்தான் வந்தது.

ஆயக்கட்டு இல்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ஏரியை ஏரியாக வைத்திருப்பது வருடா வருடம் அதன்மேல் விழும் கைகள்தான் என்று நினைக்கிறேன். பாசனம் நின்றதும் நாம் எத்தனை ஏரிகளைக் கைவிட்டு, பட்டா போட்டு, பேருந்து நிலையம் கட்டினோம்! சுக்னாவால் ஒரு மரக்கால் நெல்கூட விளையவில்லை. நடப்பதற்கு இடம் வேண்டும் என்பதற்காக மட்டுமே மண் சுமந்திருக்கிறார்கள். 2020இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் இந்த ஏரியை உயிருள்ள ஒன்றாகவே அறிவித்தது.

மதகு இல்லை என்று வருத்தப்பட வேண்டாம், அதுவும் உண்டு. கரையோரமாகவே ரெகுலேட்டர் முனைவரை நடந்து போங்கள். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1163 அடியை நெருங்கினால் அங்கேதான் கதவைத் திறப்பார்கள். நல்ல மழை வருடமாக இருந்தால் ஆகஸ்டில் நீங்களே பார்க்கலாம்.

டிசம்பரில் வடக்கிலிருந்து வாத்துகள் வந்து இறங்கும். அப்போது போனால் காதை நன்றாக மூடிக்கொள்ளுங்கள், அந்தக் கரைக்காற்று நம் உடம்புக்குப் பழக்கமில்லாதது. மகனையும் எழுப்பிக் கூட்டிப்போங்கள்.

அன்புடன்.