துளை அடைபட்டும் உப்பு இறங்குவதேன்?

கேள்வி: நீர்–சிமெண்டு விகிதம் 0.45. 1 மைக்ரோமீட்டர் கட்டங்களில் சிமெண்டுப் பசையைக் கணினியில் உருவாக்கினேன். துளைகள் இணையவே இல்லை. கடலோரக் கான்கிரீட்டில் மட்டும் உப்பு எப்படி இறங்குகிறது?
– மாணவி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: கட்டத்தைவிடச் சிறிய துளை கணினிக்குத் தெரியாதம்மா. நுண்குழாய்த் துளைகள், அதாவது சிமெண்டோடு வினைபுரியாத நீர் விட்டுச்செல்லும் இடைவெளிகள், 10 நானோமீட்டர்வரை இறங்கும். உப்பு அதற்குள்ளும் நுழையும். அதே மாதிரியை 0.5 மைக்ரோமீட்டரில் மறுபடி ஓட்டுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பதால் கட்டங்கள் 8 மடங்காகும், நினைவகம் போதுமா என்று முதலில் பாருங்கள். நுண்குழாய்த் துளை பசையின் கன அளவில் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் துளைகளுக்கிடையே இணைப்பு அறும். அந்த வரம்பும் கட்ட அளவோடு நகரும்.

இன்னொன்று, நீங்கள் வெறும் பசையைப் பார்க்கிறீர்கள். ஜல்லியைச் சுற்றி 20 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை துளை மிகுந்த படலம் உண்டு. அதைச் சேர்க்காமல் கான்கிரீட்டைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள்.