வரைஞ்சவர் பேரு என்ன? – காமிக்ஸ் கேள்வி பதில்

என் பையனுக்கு 10 வயசு. ஸ்கூல்ல தமிழ் படிக்கிறதோட சரி, வீட்ல தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே ஓடுறான். புத்தகக் காட்சியில காமிக்ஸ் ஸ்டாலுக்குக் கூட்டிட்டுப் போனேன், அட்டையெல்லாம் துப்பாக்கியும் ரத்தமுமா இருந்துச்சு, வாங்காமலே வந்துட்டோம். எதுல ஆரம்பிக்கிறது?
– ஒரு வாசகி, கரூர்

லக்கி லூக்ல ஆரம்பிங்கம்மா. அதுவும் கௌபாய் கதைதான், துப்பாக்கியும் இருக்கும், ஆனா தன் நிழலை விட வேகமா சுடுற ஆளு, அவனை விட புத்திசாலியா ஒரு குதிரை, எத்தனை தடவை பிடிச்சு உள்ள போட்டாலும் தப்பிச்சு வர்ற டால்டன் பிரதர்ஸ்னு முழுக்க சிரிப்புதான். 1946ல இதை உருவாக்குனவர் மோரிஸ்னு ஒரு பெல்ஜியக்காரர். ஆரம்பத்துல லக்கி லூக் வாயில எப்பவும் சிகரெட் இருக்கும், 1983ல அதை எடுத்துட்டு ஒரு புல்லைக் கடிக்க விட்டுட்டாங்க, அதனால பழைய கதை கையில கிடைச்சு பையன் ஏன் இதுல சிகரெட், அதுல புல்லுன்னு கேட்டான்னா இந்த விஷயத்தைச் சொல்லுங்க, நல்லா ஞாபகம் வெச்சுப்பான். அடுத்து சிக் பில், அப்புறம் ஸ்மர்ஃப். டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் மாதிரி சீரியஸான கௌபாய் கதையெல்லாம் ஏழாவது எட்டாவது போகட்டும், அவனே கேட்பான்.

ஒண்ணு மட்டும் செய்ங்க. புத்தகத்தைக் கையில குடுத்துட்டு "படி"ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. முதல் நாலு பக்கம் கூட உக்காந்து, ஆளுக்கு ஒரு கேரக்டரா பிரிச்சுக்கிட்டு சத்தமா வாசிங்க. காமிக்ஸ்ல வர்றது பூரா பேச்சு, பாடப்புத்தகத் தமிழ் மாதிரி இருக்காது, ஒரு வரி படிச்சதும் படத்துக்கு வந்துடலாம்ங்கிறதால புள்ளைங்களுக்கு மூச்சு முட்டாது. எழுத்துக்கூட்டிப் படிச்ச எத்தனையோ பேருக்கு சரளமா வந்தது இப்படித்தான்.

எங்க அப்பா வெச்சிருந்த பழைய இரும்புக்கை மாயாவி ஒண்ணு பரண்ல கிடைச்சுது. படமெல்லாம் அவ்ளோ அழகா இருக்கு, ஆனா யார் வரைஞ்சதுன்னு எங்கயுமே போடல. தமிழ்நாட்டு ஓவியரா?
– கல்லூரி மாணவி, மதுரை

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு பெரிய நன்றி. நம்ம ஆளுங்கள்ல மாயாவியோட நிஜப்பேரு, எந்தக் கதையில எந்த வில்லன், எந்த வருஷம் என்ன அட்டைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றவங்க இருக்காங்க, வரைஞ்சவர் பேரைக் கேட்டா மட்டும் முழிப்பாங்க.

அவர் பேரு ஹெசுஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டுக்காரர், பார்சிலோனாவுல 1919ல பிறந்தவர். பிரிட்டன்ல வேலியன்ட்னு ஒரு வார இதழ் 1962ல ஆரம்பிச்சப்போ அதுக்காக வரைஞ்சதுதான் இந்தத் தொடர். அவரோட கூடப் பிறந்தவங்களும் அவரோட சேர்ந்து வேலை பார்த்தவங்கதான், குடும்பமே வரையிற குடும்பம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள்ல ஓவியர் பேரையே பெரும்பாலும் போட மாட்டாங்க, அங்கயே போடாத பேரு இங்க எப்படி வரும்? சிவகாசியில முத்து காமிக்ஸ் 1972ல இந்த மாயாவியோடதான் ஆரம்பிச்சுது. அன்னிக்கிலேர்ந்து நம்ம ஊர்ல தாத்தா, அப்பா, பேத்தின்னு மூணு தலைமுறை அவர் படத்தைப் பார்த்தாச்சு.

உங்க கையில இருக்கிற புத்தகத்தையே இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. மாயாவிக்கு மின்சாரம் பாய்ஞ்சதும் உடம்பு மறைஞ்சுடும், இரும்புக் கை மட்டும் தெரியும். யோசிங்க, ஹீரோவே இல்லாத கட்டம் அது! ஒரு கை மட்டும் அந்தரத்துல தொங்குது, அந்தக் கைக்குப் பின்னாடி ஒரு முழு மனுஷன் நிக்கிறான்னு படிக்கிறவன் நம்பணும். பிளாஸ்கோ அதை எப்படிச் செய்றாருன்னா விரல் மடங்கியிருக்கிற விதத்துலயே அவன் கோபமா இருக்கானா பதுங்குறானான்னு காட்டிடுவாரு, சுத்தி இருக்கிற சுவரு, கதவு, மேஜைன்னு எல்லாத்துலயும் கருப்பு மையை அப்படி இழைச்சிருப்பாரு, அந்த இருட்டுல உலோகம் மட்டும் பளபளன்னு நிக்கும். கலர் இல்ல, வெறும் கருப்பும் வெள்ளையும்தான்.

ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்ல, இவன் வேற ஆளு) இதே கதைதான். நம்ம லயன் காமிக்ஸ்ல போடு போடுன்னு போட்ட ஸ்பைடர் பிரிட்டன்ல முதல்ல வந்த இதழ் பேரும் லயன்தான், வரைஞ்சவர் ரெக் பன், நிறைய கதைகளை எழுதினவர் சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல். அடுத்த தடவை ஃப்ரெண்ட்ஸ் கிட்ட மாயாவி, ஸ்பைடர் பத்தி பேசும்போது இந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.

ஈரோட்ல காமிக்ஸ் வாசகர்கள் ஒண்ணு கூடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். புதுசா போறவங்களைச் சேர்த்துப்பாங்களா? எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது.
– ஒரு வாசகர், தர்மபுரி

தாராளமா போங்க. ஆகஸ்ட்ல மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துற ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்துலதான் லயன்–முத்து வாசகர்கள் கூடுறது வழக்கமாச்சு, சிவகாசியிலேர்ந்து அந்த ரெண்டு இதழுக்கும் ஆசிரியரான விஜயனும் வருவாரு. ஜனவரியில சென்னைப் புத்தகக் காட்சி ஒரு திருவிழான்னா ஆகஸ்ட்ல ஈரோடு இன்னொண்ணு. புது புத்தகம் கையில வாங்கி அங்கயே பிரிச்சு வாசம் பிடிக்கிறவங்க, அடுத்த வருஷம் எந்தத் தொடர் வேணும் எது வேணாம்னு ஆசிரியர் முகத்துக்கு நேராவே சண்டை போடுறவங்க, வெளியூர்லேர்ந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்தவங்கன்னு எல்லாரும் இருப்பாங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஹீரோ பேரைச் சொன்னா போதும், பக்கத்துல இருக்கிறவர் அரை மணி நேரம் விடமாட்டாரு.

இந்தக் கூட்டத்தை வெறும் ரசிகர் சந்திப்புன்னு நினைச்சுடாதீங்க. 2000க்கு அப்புறம் தமிழ் காமிக்ஸ் ரொம்பவே இளைச்சுப் போச்சு, 1984ல ஆரம்பிச்ச ராணி காமிக்ஸ் 2005ல நின்னுடுச்சு, லயனும் முத்துவும் எப்ப வரும்னே சொல்ல முடியாத நிலைமை. அப்பவும் 2010ல ரத்தப் படலம்னு தமிழ்ல வந்த XIII தொடரோட 18 பாகத்தை ஒரே குண்டு புத்தகமா கொண்டு வந்தாங்கன்னா அது முன்பணம் கட்டிக் காத்திருந்த வாசகர்களை நம்பித்தான். 2012 ஜனவரியில சென்னைப் புத்தகக் காட்சியில லயனோட கம்பேக் ஸ்பெஷல் வந்துச்சு, அதுக்கப்புறம் நல்ல தாள், கலர்னு அந்த உலகமே மாறிடுச்சு. இன்னிக்கும் சந்தாவும் முன்பதிவும்தான் அச்சு மெஷினை ஓட்டுது, பெட்டிக்கடை வாசல்ல கொடியில தொங்கவிட்டு வித்த காலம் போயிடுச்சு. அதனாலதான் ஈரோட்ல கேக்குற குரலுக்கு அவ்ளோ மதிப்பு.

எனக்கு ஒரு ஆசை உண்டு. இந்த மாதிரி கூட்டத்துல ஒரு மூலையில ஒரு மேஜை போட்டு உள்ளூர்ல வரையிற பசங்க நாலு பேரை உக்கார வைக்கலாம், வர்ற குழந்தைகளுக்குக் காகிதமும் பென்சிலும் குடுக்கலாம். படிக்கிறவங்க இவ்ளோ பாசமா கூடுற இடத்துல வரையிறவங்களுக்கும் ஒரு நாற்காலி வேணும்ல.

சென்னை காமிக் கான் டிக்கெட் காசுக்கு வொர்த்தா?
– ஒரு வாசகர், தாம்பரம்

2024 பிப்ரவரியில நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல முதல் தடவையா நடந்துச்சு. வேஷம் கட்டிட்டு வர்ற கூட்டம், டீ-ஷர்ட், பொம்மை, கேமிங் இதெல்லாம்தான் கண்ணுல முதல்ல படும், தமிழ்ப் புத்தகத்துக்காகவே போறீங்கன்னா ஏமாந்துடுவீங்க. ஆனா ஓவியர்களுக்குன்னே ஒரு வரிசை ஒதுக்கியிருப்பாங்க, நேரா அங்க போங்க. சொந்தக் காசுல அச்சடிச்ச புத்தகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பசங்க கிட்ட ஒண்ணாவது வாங்குங்க.

நான் விஸ்காம் படிக்கிறேன், அரசியல் கார்ட்டூன் போடுறேன். வீட்ல "இதெல்லாம் வேணாம், ஜெயிலுக்குப் போவே"ன்னு பயப்படுறாங்க. நிஜமாவே அவ்ளோ ஆபத்தா?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

வீட்ல பயப்படுறது நியாயம்தான் தம்பி. 1987ல ஆனந்த விகடன் அட்டையில எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் பண்ணி ஒரு ஜோக் படம் வந்துச்சு, அதுக்கு ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபை 3 மாசம் கடுங்காவல் தண்டனை குடுத்துச்சு. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி சில நாள்லயே விட்டுட்டாங்க, ஆனா அவர் அதோட விடல, கோர்ட்டுக்குப் போனாரு, 1994ல சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு. 2017ல உங்க ஊரு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பமே தீக்குளிச்சதைப் பத்தி கார்ட்டூன் போட்டதுக்காக கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது பண்ணாங்க, அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 2025 பிப்ரவரியில விகடன் பிளஸ்ல பிரதமரைக் கைவிலங்கோட வரைஞ்ச கார்ட்டூனால விகடன் இணையதளமே முடங்குச்சு, அதுக்கும் கோர்ட்டுக்குப் போய்தான் வழி பிறந்துச்சு.

இவ்ளோ சொல்லிட்டு போடாதேன்னு சொல்லப் போறேன்னு நினைக்காதீங்க. தமிழ்ப் பத்திரிகையில அரசியல் கார்ட்டூனைக் கொண்டு வந்ததே பாரதியார்தான், 1906ல ஆரம்பிச்ச இந்தியா வார இதழ்ல வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே போட்டாரு. போடுங்க, ஆனா தகவலை ரெண்டு தடவை சரிபார்த்துட்டுப் போடுங்க, ஒருத்தரோட பதவியையும் செயலையும் அடிங்க, ஜாதி, உடம்பு, குடும்பம் பக்கம் பேனா போகவே கூடாது. எந்தச் செய்தியை வெச்சு வரைஞ்சீங்களோ அந்தப் பேப்பர் கட்டிங்கைத் தேதியோட எடுத்து வைங்க. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் நம்பர் போன்ல இருக்கட்டும், வீட்லயும் அதைச் சொல்லி வைங்க, பாதி பயம் போயிடும்.

கோடு இழுக்கிற கலையைக் கத்துக்க, ஓவியர் கோபுலு சார் படங்களைத் தேடிப் பாருங்க. தஞ்சாவூர்க்காரர், 1924ல பிறந்து 2015 வரைக்கும் இருந்தவர், விகடன் ஓவியர் மாலிக்கு சிஷ்யர். ஒரு வார்த்தை எழுதாம வெறும் படத்துலயே சிரிக்க வெச்சவர் அவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தப்போ இடது கையில வரையப் பழகிக்கிட்டு வரைஞ்சவர்.

டெக்ஸ் இத்தாலி, டைகர் பிரான்ஸ், மாயாவி பிரிட்டன். நமக்குன்னு ஒரு தமிழ் ஹீரோ எப்போ வருவான்? பதிப்பாளர்களுக்கு அக்கறை இல்லையா?
– ஒரு வாசகர், விருதுநகர்

வந்தாங்க சார், நாமதான் மறந்துட்டோம். வாண்டுமாமா எழுதி செல்லம் வரைஞ்ச பலே பாலுவைப் படிச்சவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. வாண்டுமாமா 2014ல போனப்போ அஞ்சலி எழுதினவங்க நிறைய பேரு, செல்லம் பேரைச் சொன்னவங்க எத்தனை பேருன்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அக்கறை இல்லைங்கிறது சரியில்ல, இது காசுக் கணக்கு. ரத்தப் படலத்தோட ஒரிஜினல் முதல் சுற்று 1984லேர்ந்து 2007 வரைக்கும் 19 ஆல்பம், அதாவது ஒரு ஆல்பத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேல. பெரும்பாலும் ஒவ்வொண்ணும் 50 பக்கத்துக்குள்ளதான். அத்தனை நாளும் ஓவியருக்கு வீட்டு வாடகை குடுக்கிற அளவுக்கு அங்க விற்பனை இருக்கு. டெக்ஸுக்கு மாசம் 110 பக்கம் போட ஒரு ஓவியர் படையே மாத்தி மாத்தி வேலை பார்க்குது. நம்ம கிட்ட இருக்கிற வாசகர் எண்ணிக்கைக்கு ஒரு ஓவியரை வருஷம் பூரா உக்கார வெச்சு சம்பளம் குடுக்கிறது எந்த பதிப்பாளருக்கும் கட்டாது, ரைட்ஸ் வாங்கி மொழிபெயர்த்துப் போடுறது எவ்வளவோ மலிவு.

அதனால 100 பக்க ஹீரோவைக் கனவு காணாம 4 பக்கக் கதையில ஆரம்பிக்கணும். மாத இதழ்கள் கடைசியில 4 பக்கம் ஒதுக்கட்டும், பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு குடுக்கட்டும், பேரை முதல் கட்டத்துலயே போடட்டும். வரையிற பசங்களுக்கு ஒரு விஷயம்: படத்தை முடிச்சுட்டு வசனம் எழுதுற பலூனுக்கு இடம் தேடாதீங்க. தமிழ் வசனம் இங்கிலீஷை விட இடம் அதிகமா கேக்கும், முதல்ல வசனத்தை நிஜ அளவுல எழுதி பலூனை வெச்சுட்டு, மிச்ச இடத்துல ஆளை நிக்க வைங்க. இல்லன்னா ஹீரோ மூஞ்சி மேலயே பலூன் உக்காந்துடும்.

பழைய முத்து காமிக்ஸ் ஒண்ணுக்கு ஒருத்தர் ஆயிரக்கணக்குல கேக்குறாரு. வாங்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

படிக்கத்தான்னா மறுபதிப்பு வந்திருக்கான்னு முதல்ல பாருங்க, மாயாவி கதைகள் நிறைய வந்தாச்சு. சேர்த்து வைக்கத்தான்னா நேர்ல பார்க்காம காசு அனுப்பாதீங்க. அட்டை ஜெராக்ஸா, நடுப்பக்கம் இருக்கா, ஸ்டேப்ளர் பின் துரு ஏறி தாளைத் தின்னிருக்கான்னு பாருங்க, பக்க எண்ணை ஒவ்வொண்ணா எண்ணுங்க. வாங்கிட்டா செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, லேமினேஷனும் வேணாம். பழைய நியூஸ்பிரிண்ட் வெளிச்சம் பட்டா பழுப்பேறி நொறுங்கும், அதனால கண்ணாடி அலமாரியில காட்சிக்கு வைக்காம இருட்டா, ஈரம் இல்லாத இடத்துல படுக்க வெச்சு அடுக்குங்க. அதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணிடுங்க, ஓவியர் கையெழுத்து எந்த மூலையிலாவது தட்டுப்பட்டா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.