வேலை போய்விட்டது, கடன் அப்படியே இருக்கிறது: கேள்வி பதில்

அரசு வங்கி ஒன்றில் 33 வருடம் வேலை பார்த்தேன். கடைசி 9 வருடம் வாராக்கடன் பிரிவில். கடன் கட்ட முடியாமல் எதிரே வந்து உட்கார்ந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறு ஒன்றுதான். யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டிவிடுகிறார்கள். அதற்குள் வீடு போகும் நிலைக்கு வந்துவிடுகிறது. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஓ.எம்.ஆர்., சென்னை: மேடம், ஐ.டி. வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்கடன் தவணை 38,000, பர்சனல் லோன் தவணை 14,500, இரண்டு கிரெடிட் கார்டில் சேர்ந்து 3.2 லட்சம் பாக்கி. இதுவரை எதையும் தவறவிடவில்லை. கையில் மிச்சம் 1.9 லட்சம். கார்டுக்காரர்கள் முழுப் பாக்கியையும் கேட்டு நச்சரிக்கிறார்கள். இருப்பதை வைத்து ஒரு கார்டையாவது முடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. அந்த 1.9 லட்சத்தைத் தொடாதீர்கள். உங்கள் குடும்பம் சாப்பிடப்போகும் பணம் அது.

உங்கள் கடன்களை இரண்டாகப் பிரியுங்கள். வீட்டுக்கடன் கொடுத்தவர் கையில் உங்கள் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. கார்டுக்காரர், பர்சனல் லோன்காரர் கையில் எதுவும் இல்லை. வீட்டுக்கடன் தவணை 90 நாள் நிலுவையாக நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்கே போடாமல் வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். கார்டுக்காரர் உங்கள் சொத்தில் கை வைக்க வேண்டுமென்றால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியாக வேண்டும். அவரிடம் வேறு ஆயுதம் இல்லை. அதனால்தான் தினமும் போன் வருகிறது.

ஆகவே வரிசை இப்படி: சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் பள்ளி. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போயிருக்கும், சிறிய அளவிலாவது ஒன்று எடுத்துவிடுங்கள். அடுத்து வீட்டுக்கடன். கார்டும் பர்சனல் லோனும் கடைசியில்தான்.

இந்த வாரமே வீட்டுக்கடன் கொடுத்த கிளைக்குப் போங்கள். சில மாதம் வட்டி மட்டும் கட்டவோ, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கவோ எழுத்தில் கேளுங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை, வங்கி பார்த்துச் செய்வது. ஆனால் தவணை தவறும் முன் வருபவரிடம் மேனேஜர் பேசும் விதமே வேறு. அந்த நாற்காலியில் நானே இருந்திருக்கிறேன்.

இன்னொன்று. கார்டு கொடுத்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கும் இருந்தால், பணத்தை வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள். பாக்கிக்காக அந்தக் கணக்கில் இருப்பதை அவர்கள் ஈடு செய்துகொள்ள முடியும். பி.எஃப். பணம் பி.எஃப். கணக்கில் இருக்கும்வரை எந்தக் கடன்காரரும் ஜப்தி செய்ய முடியாது, சட்டமே அதைக் காக்கிறது. உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால் அது சாதாரணப் பணம். அதை எடுத்துக் கார்டுக்குக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஓசூர்: பர்சனல் லோன் மூன்று மாதமாகக் கட்டவில்லை. வசூல் ஏஜென்ட், போலீஸோடு வந்து அரெஸ்ட் செய்வேன் என்கிறார். செய்ய முடியுமா?

முடியாது. கடன் பாக்கி சிவில் விஷயம், வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலை இல்லை. கோர்ட் தீர்ப்பே வந்தாலும், நேர்மையாகவே கட்ட வழியில்லாதவரை அந்தக் காரணத்துக்காக மட்டும் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரே இடத்தில் கவனம் வேண்டும். நீங்கள் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்கு வரும். தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் அதே மாதிரி ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடாதீர்கள். அன்றே வக்கீலைப் பாருங்கள். கோர்ட் சம்மன் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள்.

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட உத்தரவு. மீறினால் தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் குறித்து வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம், கட்டணம் கிடையாது. தகவலுக்கு 14448.

திருப்பூர்: எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தேன், ஆர்டர் குறைந்து நிறுத்திவிட்டார்கள். கார்டு பாக்கி 4 லட்சம். மாதம் 3.5 சதவீதம் வட்டி, அதாவது 14,000 ரூபாய். மனைவியின் 14 பவுனை 10 சதவீத வட்டிக்கு அடகு வைத்தால் மாதம் 3,300 சொச்சம்தான் வரும். வைத்து அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கணக்கு சரி. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தால் நானே போய் வையுங்கள் என்பேன். இப்போது வருமானம் இல்லை. யார் கையில் ஈடு எதுவும் இல்லையோ, அவருக்காக ஈடு வைக்காதீர்கள். நேற்றுவரை உங்கள் நகையைத் தொட முடியாமல் இருந்த ஒரு கடனை, நகையை ஏலம் விடக்கூடிய கடனாக நீங்களே மாற்றுகிறீர்கள். ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் சேர்ந்து நிற்கும். அன்றும் வேலை கிடைத்திருக்காவிட்டால்?

அதோடு, அந்த நகை உங்கள் மனைவியின் சொத்து. கார்டு உங்கள் பெயரில். அவர் கையெழுத்துப் போடாத கடனுக்கு அவர் பொறுப்பில்லை.

மதுரை: அக்கா, அப்படியென்றால் விற்கச் சொல்கிறீர்களா? செய்கூலி, சேதாரம், கல் எடை எல்லாம் போய்விடும். தங்கம் ஏறுகிற ஏற்றத்துக்குத் திரும்ப வாங்கவே முடியாது. அடகு வைத்தாலாவது என்றைக்காவது நம் கைக்கு வரும். பெண்ணுக்கு என்று சேர்த்தது.

இப்போது விற்கவும் சொல்லவில்லை அம்மா. அப்படியே இருக்கட்டும் என்கிறேன். கார்டுக்காரர் நான்கைந்து மாதம் கத்திவிட்டு, ஒரு கட்டத்தில் குறைத்துக்கொள்ளப் பேச வருவார். அன்று மொத்தமாக ஒரு தொகை கொடுக்க முடிந்தால் பெரும்பாலும் பேசி முடிக்கலாம். குறைத்த தொகைக்கு ஒப்புக்கொண்டு அவர் தரும் முடிவுக் கடிதம் கைக்கு வந்த பிறகு, மனைவியும் மனமார ஒத்துக்கொண்டால், அந்தத் தொகைக்கு எத்தனை பவுன் தேவையோ அதை மட்டும் விற்கலாம். மீதி முழுதாக வீட்டிலேயே இருக்கும். விற்பதில் நஷ்டம் உண்டுதான். ஆனால் வட்டி கட்ட முடியாமல் 14 பவுனும் ஏலத்துக்குப் போனால் இன்னும் பெரிய நஷ்டம். “என்றைக்காவது மீட்கலாம்” என்று வைத்த நகைகள் ஏலப் பட்டியலில் வந்து நின்றதை நான் பல வருடம் பார்த்தவள்.

சேலம்: வங்கியில் இருந்த நீங்களே கட்டாமல் இருந்து பேரம் பேசச் சொல்லலாமா? வாங்கிய கடனைக் கட்டுவதுதானே நேர்மை? நான் என் நிலத்தை விற்று அடைத்தேன்.

நீங்கள் செய்ததை மதிக்கிறேன். பணம் வைத்துக்கொண்டு கட்டாமல் இருப்பவருக்கு நான் ஒரு வரி யோசனைகூடச் சொல்ல மாட்டேன். இங்கே கேட்பவர் வேலை இழந்தவர். சமரசமாகக் கடனை முடிப்பது திருட்டுத்தனம் இல்லை, அதற்கு ரிசர்வ் வங்கியே 2023 ஜூனில் விதிமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் வக்கீலோடு வந்து இதைத்தான் கேட்கின்றன. சம்பளக்காரர் கேட்டால் மட்டும் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

இதற்கும் விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டியது) என்று வராது, ‘செட்டில்டு’ (குறைத்துப் பேசி முடித்தது) என்று வரும். சில வருடங்களுக்குப் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். முழுதும் கட்ட வழியிருப்பவர் முழுதும் கட்டுவதே நல்லது.

மதுரை: சரி அக்கா. ஆனால் எங்கள் வீட்டில் போன வருடம் பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டு வளையலை வைத்துத்தான் சமாளித்தோம். அது தப்பா?

தப்பே இல்லை. நான் மொத்தமாகச் சொன்னது கொஞ்சம் கடுமையாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கொஞ்சமாக வைத்து எடுக்கத்தான் நம் வீடுகளில் நகையே சேர்க்கிறோம். பழைய கடனை அடைக்க வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

திருப்பூர்: மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். நகையை வைக்கவில்லை.

நல்லது தம்பி. அவரிடமே இருக்கட்டும்.

ஸ்ரீபெரும்புதூர்: ராஜினாமா எழுதச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

இது என் துறை இல்லை. தொழிலாளர் நலத் துறை அலுவலகத்தை உடனே அணுகுங்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியை விட்டுவிடாதீர்கள்.

கரூர்: கிரெடிட் கார்டு கட்டாவிட்டால் போலீஸ் பிடிக்குமா?

ஓசூர் கேள்விக்குச் சொன்ன பதில்தான். பிடிக்காது.

விழுப்புரம்: கணவருக்கு வேலை போய்விட்டது. நான் குழுக் கடன் 60,000 வாங்கியிருக்கிறேன், இரண்டு தவணை போய்விட்டது. ஆள் வந்து ராத்திரிவரை வாசலில் உட்காருகிறார். குழுப் பெண்களையும் கூட்டி வருகிறார். தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிப்படி, வசூல் நடக்க வேண்டியது முதலிலேயே பேசி முடிவு செய்த பொது இடத்தில். அந்த இடத்துக்கு நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். அதனால் கையில் பணம் இல்லாவிட்டாலும் வசூல் நாளில் அங்கே போய்விடுங்கள். நூறு ரூபாய் இருந்தால் அதைக் கட்டி ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால் “வந்தேன், இப்போது முடியவில்லை” என்று எழுதிக் கொடுங்கள்.

ராத்திரி வாசலில் உட்காருவது மிரட்டல். தமிழ்நாட்டில் 2025இல் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. கடன் நிறுவனங்கள் கட்டாய வசூலில் இறங்கினால் சிறைத் தண்டனை வரை உண்டு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். குழுவில் மூத்த பெண் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், இன்று அவர் உங்கள் வாசலுக்கு வந்தாலும் நாளை அவருக்கும் இதே நிலை வரலாம். இலவச சட்ட உதவி பெண்கள் எல்லாருக்கும் உண்டு. எண் 15100.

இதை அடைக்க மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று எதிலும் இறங்கிவிடாதீர்கள். அவை 2003இலேயே சட்டம் போட்டுத் தடை செய்யப்பட்டவை.

தாம்பரம்: ஆப் மூலம் 8,000 வாங்கினேன். கட்டிய பிறகும் கேட்கிறார்கள். போட்டோவை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டுகிறார்கள்.

இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்பார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு இப்போதே கூப்பிடுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை நீக்குங்கள். அவர்களுக்கு முன்னால் நீங்களே உறவினர்களுக்கு இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: “என் பெயரில் ஏதாவது படம் வந்தால் அது மோசடி.” இதைச் செய்தவர்கள் அன்று ராத்திரி தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஈரோடு: மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் போய்விடுமா?

போகாது. மஞ்சள் நோட்டீஸ் என்பது ஐ.பி., அதாவது திவால் மனு. அதைப் போடுவது என்பது உங்கள் சொத்து, கடன் எல்லாவற்றையும் கோர்ட்டில் பட்டியலிட்டு ஒப்படைப்பது. மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டம், சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டை அடமானமாக வைத்திருக்கும் வங்கியை அது தடுக்காது. “நோட்டீஸ் கொடுத்தால் போதும், எல்லாம் தள்ளுபடி” என்று பணம் கேட்கும் புரோக்கர் யாராக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

நாகர்கோவில்: நண்பனுக்கு ஜாமீன் போட்டேன். அவன் கட்டவில்லை. நான் கட்ட வேண்டுமா?

ஆம். கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

வேலூர்: லோன் கட்டாவிட்டால் ஜெயிலா?

இல்லை. மூன்றாவது முறை கேட்கிறீர்கள் என்றால், எத்தனை பேரை இந்தப் பொய்யைச் சொல்லியே மிரட்டுகிறார்கள் என்று புரிகிறது. ஓசூர் பதிலை முழுதும் படியுங்கள், காசோலை பற்றிய பகுதியை மறக்காமல்.

பெயரும் ஊரும் வேண்டாம்: வீட்டில் இன்னும் யாருக்கும் வேலை போனது தெரியாது. காலையில் கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இருக்கவே பிடிக்கவில்லை.

தம்பி, மற்ற கேள்விகளை எல்லாம் நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். இப்போதே 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழில் பேசலாம், இரவும் பகலும் எடுப்பார்கள். 104லும் பேசலாம். இன்று தனியாக இருக்க வேண்டாம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் நீங்கள் எனக்கு எழுதிய இந்த மூன்று வரியை அப்படியே காட்டுங்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்த குடும்பங்களில், கடன் எவ்வளவு என்பதைவிட, இத்தனை நாள் தனியாகச் சுமந்தார் என்பதற்குத்தான் மனைவி அழுதார். கடன் கணக்கை அப்புறம் நாம் சேர்ந்து பார்க்கலாம், எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

ஓ.எம்.ஆர்., சென்னை: நாளைக் காலை கிளைக்குப் போகிறேன் மேடம். கடிதத்தில் என்ன எழுதுவது?

நீளமாக வேண்டாம். “எனது வீட்டுக்கடன் கணக்கு எண் இது. இந்தத் தேதியில் வேலை இழந்தேன், பணி விடுவிப்புக் கடித நகல் இணைத்துள்ளேன். இதுவரை எல்லாத் தவணைகளும் முறையாகக் கட்டியுள்ளேன். அடுத்த ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் செலுத்தவும், கடன் காலத்தை நீட்டிக்கவும் அனுமதி கேட்கிறேன். புதிய வேலைக்கு முயன்று வருகிறேன். பதிலை எழுத்தில் தரக் கோருகிறேன்.” இவ்வளவு போதும்.

இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். மேனேஜர் “வாயால் சொன்னால் போதும், பார்த்துக்கொள்கிறேன்” என்று அன்பாகவே சொல்லலாம். அப்போதும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் கிளை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.