பெல்லட்டை எடை போட்டால் புள்ளி கூடுமா?

கேள்வி: என் மகள் கோலாலம்பூரில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். 60 சுடுகளில் நாலைந்து மட்டும் காரணமே இல்லாமல் 9.4, 9.6 என்று விலகிப் போகின்றன. பெல்லட்டுகளை (சுடும் சின்ன ஈயக் குண்டுகளை) மின்தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிக்கச் சொல்கிறார் நண்பர். தராசு வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 மீட்டர் ரைபிள் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் விட்டம் 4.5. அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0. அங்கிருந்து மையம் நோக்கி ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டருக்கும் ஒரு தசமம் கூடி, 10.9 வரை போகும். இதே கணக்கில் 9.4 என்றால் பெல்லட் மையத்திலிருந்து கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது.

ரைபிள் பெல்லட்டின் எடை சுமார் 0.53 கிராம். விநாடிக்கு 170 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் போகும்போது, 10 மீட்டருக்குள் புவியீர்ப்பால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் இறங்கும். எடை ஒரு சதவீதம் மாறினால் அந்த இறக்கத்திலும் ஒரு சதவீத அளவே மாற்றம். அதாவது 0.2 மில்லிமீட்டர்கூட வராது. ஒரு தசமம்கூடப் போகாது. எடையால் மட்டும் 4 மில்லிமீட்டர் விலக வேண்டுமானால் பெல்லட் கால் பங்கு கனத்திருக்க வேண்டும்! தவிர, எடை வித்தியாசம் மேலும் கீழும்தான் தள்ளும். உங்கள் மகளின் விலகல்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ விழுந்தால், எடைக்கு அதில் பங்கே இல்லை.

நான் முதலில் சந்தேகப்படுவது பெல்லட்டின் ஸ்கர்ட்டை, அதாவது பாவாடைபோல் விரிந்த பின்பக்கத்தை. மெல்லிய ஈயம் அது. காற்றழுத்தம் அதை விரித்து, பேரலின் (குழலின்) உள்வரிகளில் சுற்றிலும் அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் பேரலை விட்டு வெளியேறும் கணத்தில் காற்று ஒரு பக்கமாகக் கசிந்து பெல்லட்டைச் சாய்த்துவிடும். டப்பா கீழே விழுந்தால் போதும், உள்ளே பல நசுங்கிவிடும். பையில் குலுங்கிக்கொண்டே போனாலும் அதே கதிதான்.

எனவே தராசுக்குப் பதில் நல்ல விளக்கு. பெல்லட்டுகளை ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி, ஸ்கர்ட் தெரியும்படி வைத்துப் பாருங்கள். வட்டம் கோணியது, பிசிறு உள்ளது, வெள்ளை பூத்தது எல்லாவற்றையும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் ஈயம் சீக்கிரம் வெளுக்கும். டப்பாவோடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள்.

அடுத்தது, பெல்லட்டை ரைபிளில் வைக்கும் விதம். மகளுக்குப் பின்னால் நின்று அவள் விரலைக் கவனியுங்கள். அவசரத்தில் ஸ்கர்ட்டைக் கிள்ளிப் பிடிப்பார்கள், நகத்தால் தள்ளுவார்கள். தலை முன்னோக்கி, பள்ளத்தில் நேராகப் படுக்க வேண்டும். அப்புறம் லீவரை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் மூட வேண்டும். பெல்லட் சற்றுச் சாய்ந்திருந்தாலும், அதைக் குழலுக்குள் தள்ளும் தண்டான போல்ட் தள்ளும்போது ஓரத்தைச் சீவிவிடும். வழக்கத்துக்கு மாறாக லீவர் இறுகினால் அழுத்தக்கூடாது; குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, பயிற்சியாளரைக் கூப்பிட வேண்டும்.

பெல்லட் வகையும் முக்கியம். தலை அளவு 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருக்கும். எது பொருந்தும் என்பதைப் பேரல்தான் சொல்லும். ரைபிளைத் தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஐந்தைந்தாக நாலு தொகுதி சுட்டுப் பாருங்கள். ஒரு தொகுதி அழகாக விழுந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பிராண்டிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் குணம் மாறும். பிடித்த தயாரிப்புத் தொகுதியின் எண்ணைக் குறித்து, அதிலேயே சில டப்பாக்கள் வாங்கி வைப்பது நல்லது. காற்றுத் துப்பாக்கியும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருவதால் இந்தச் சோதனை கிளப்பில், பயிற்சியாளர் முன்னிலையில்தான்.

தாங்கியில் எல்லாம் ஒரே ஓட்டையாக விழுந்தால்? அப்போது பெல்லட் குற்றவாளி இல்லை. சுட்டதும் திரையைப் பார்க்காமல், எங்கே போயிருக்கும் என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். “வலது 9” என்று சொல்லி அங்கேயே விழுந்திருந்தால், அது பிடியிலோ டிரிக்கரிலோ வந்த பிழை. இரண்டு வாரம் குறித்து வைத்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவள் “10” என்று சொன்னது 9.4 ஆனால், பெல்லட்டோடு சைட் (குறிபார்க்கும் கருவி) திருகுகளையும் காற்றுச் சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சில பிள்ளைகள் கை காலியாக இல்லையென்று பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்கிறார்கள். ஈயம் விஷம், அதை அன்றே நிறுத்துங்கள். பயிற்சி முடிந்து கேண்டீனில் ரொட்டி சானாய் பிய்ப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். டிஷ்யூவில் துடைத்தால் போதாது.