வரலாறு கேளுங்கள்: இந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தை எடுப்பது?

ஆகஸ்ட் பிறந்தால் பல்கலைக்கழகங்களில் முதல் பருவம் தொடங்கிவிடும். அதனால் இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வரலாற்றுத் துறைப் பாடங்களைப் பற்றியவை. தொடக்கக் கல்லூரியில் பல காலம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது.

டீச்சர், தேசியச் சேவை முடித்துவிட்டு இந்த மாதம் பல்கலைக்கழகத்தில் சேருகிறேன். துறை இந்தப் பருவத்தில் தரும் பாடங்களில் தென்கிழக்காசிய வரலாறு, வரலாற்று ஆய்வு முறை, ஆசியாவில் பனிப்போர், நவீன ஜப்பான், இந்தியப் பெருங்கடல் வணிகம், மருத்துவ வரலாறு எல்லாம் இருக்கின்றன. எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. எதை எடுப்பது?
*இளைஞர், புக்கிட் பாத்தோக்*

தம்பி, பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரம் என்ன படிக்க வேண்டும் என்ற திட்டம் இருக்கும். அதை இறக்கிப் பாருங்கள். அதில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அந்தக் காலத்து மனிதர்கள் எழுதியதை, பேசியதை மாணவர்கள் கையில் கொடுக்கிறார்களா? கடிதமோ, கல்வெட்டோ, கூட்டக் குறிப்போ, ரசீதோ எதுவாகவும் இருக்கலாம். பதின்மூன்று வாரத்தில் நான்கைந்து வாரமாவது அப்படி இருந்தால் அந்தப் பாடத்தைத் தைரியமாக எடுக்கலாம். பின்னால் வந்தவர்கள் எழுதிய சுருக்கங்களை மட்டுமே படிக்கச் சொன்னால், அதை நீங்களே நூலகத்தில் படித்துக்கொள்ளலாமே.

பனிப்போரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டால் அமெரிக்காவும் ரஷ்யாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1955 டிசம்பரில் கெடா மாநிலத்தில் பாலிங் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் நம் சிங்கப்பூரின் அப்போதைய முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் ஒரு பக்கம், காட்டிலிருந்து வந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் மறுபக்கம் என்று இரண்டு நாள் பேசினார்கள். பேச்சு முறிந்தது. அந்தப் பேச்சின் குறிப்புகள் இருக்கின்றன. சரணடையச் சொல்பவர் எந்த வார்த்தையை எடுக்கிறார், மறுப்பவர் எந்த இடத்தில் குரலை மாற்றுகிறார் என்று ஒரு டுடோரியல் முழுக்கப் பேசலாம். அப்படி நடத்தும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

என் யோசனை இது. ஆய்வு முறைப் பாடத்தை முதலாண்டிலேயே எடுக்க அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். பல பிள்ளைகள் அது வறட்டுப் பாடம் என்று மூன்றாம் ஆண்டுவரை தள்ளிப்போடுகிறார்கள், அப்புறம் ஆய்வுக் கட்டுரை எழுதும் நேரத்தில் திணறுகிறார்கள். அதோடு நம் வட்டாரப் பாடம் ஒன்று. மூன்றாவது உங்களுக்குச் சொந்தம் கொண்டாட எதுவுமே இல்லாத ஓர் ஊரைப் பற்றியதாக இருக்கட்டும். ஜப்பான் நல்ல தேர்வு. நம் ஆட்கள் யார் என்று தேடாமல் படிக்கும்போதுதான் எல்லாத் தரப்பையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகுவீர்கள்.

ஒரு பருவத்துக்கு மூன்று வரலாற்றுப் பாடம் போதும். ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு மூன்று கட்டுரைகள் படிக்க வேண்டியிருக்கும். எஸ்ஸே கெடு தேதிகளை முன்கூட்டியே ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இடைவேளை வாரத்துக்குப் பிறகு மூன்றும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தால், ஒன்றை அடுத்த பருவத்துக்கு மாற்றுவது நல்லது.

என் மகள் வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் அப்பாவுக்கு இரவில் தூக்கமே இல்லை. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?
*ஒரு தாய், செங்காங்*

சகோதரி, உங்கள் கவலை நியாயமானது. வரலாற்றுப் பட்டம் மருத்துவம்போல நேராக ஒரு வேலைக்குக் கொண்டுபோய் விடாது. ஆசிரியர் பணி, அரசாங்கச் சேவை, ஊடகம், அரும்பொருளகம், ஆவணக் காப்பகம், நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு என்று என் மாணவர்கள் பல பக்கம் போயிருக்கிறார்கள். சிலர் அப்புறம் சட்டம் படித்தார்கள். இவர்கள் எல்லாருக்கும் கைகொடுத்தது ஒரே திறமைதான்: நூறு பக்கத்தைப் படித்து, அதில் எதை நம்பலாம் என்று பிரித்து, இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிவது.

பொருளியலையோ புள்ளியியலையோ இரண்டாம் பாடமாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறையில் ஓர் இடத்தில் பயிற்சிக்குப் போகட்டும். அவள் எழுதிய கட்டுரை ஒன்றை அவள் அப்பா உட்கார்ந்து படிக்கட்டும். மற்றதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

டீச்சர், இந்தியப் பெருங்கடல் வணிகம் என்ற பாடத்தை எடுத்திருக்கிறேன். இரண்டு வாரம் சோழர்களைப் பற்றி வருகிறது. இராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியுமே, புதிதாக என்ன இருக்கப் போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்.
*இரண்டாமாண்டு மாணவி, ஈசூன்*

இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த மாதம் கூடுதல் பக்கம் கேட்டு வாங்கினேன்.

நமக்குத் தெரிந்த கதை எங்கிருந்து வந்தது? முக்கியமாக மெய்க்கீர்த்தியிலிருந்து, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைப் பாடும் பகுதியிலிருந்து. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கடாரத்தைப் பற்றிய பகுதி ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை வென்றதையும் பதின்மூன்று ஊர்களையும் சொல்கிறது. நான் வகுப்பில் இதை நகலெடுத்துக் கொடுத்து, பக்கத்தில் வெறும் வரைபடம் ஒன்றையும் வைத்துவிடுவேன். ஊர்களை இடத்தில் பொருத்துங்கள் என்பேன். தமிழ்ப் பிள்ளை சத்தமாக வாசிக்கும், மலாய்ப் பிள்ளை கடாரம் என்றதும் கெடாவில் விரலை வைக்கும். ‘தேனக்கலர் பொழில் மாநக்கவாரம்’ நிக்கோபார். இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை. இலங்காசோகம் இன்றைய தெற்குத் தாய்லாந்தின் பட்டாணி ஊர்ப் பக்கம். மாதமாலிங்கம் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் பகுதி. வளைப்பந்தூறு வரும்போது வகுப்பு நின்றுவிடும், ஏனென்றால் அது எந்த ஊர் என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்போது அதே வரிகளை மறுபடி படியுங்கள். எத்தனைக் கப்பல்? ‘பலகலம்’, அவ்வளவுதான். எத்தனை வீரர்கள், எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், எத்தனை நாள் சண்டை, யார் தலைமை தாங்கியது? எதுவும் இல்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அழகான அடைமொழி இருக்கிறது: ‘ஆழ்கடல் அகழ்சூழ்’ மாயிருடிங்கம், ‘தொடுகடற் காவல் கடுமுரண்’ கடாரம். வென்ற அரசனின் சபையில் பாடப்பட்ட புகழ் இது. நாம் கேட்டு வளர்ந்த கப்பல் கணக்கெல்லாம் இந்தக் கல்லில் இல்லை. சிங்கப்பூரின் பழைய பெயரான துமாசிக்கும் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

பாடத்தில் புதிதாக இருக்கப் போவது இதற்கு அடுத்த படி. கடாரத்து அரசன் ஆண்டது சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயம் என்ற கடல் அரசை. அதே அரச குடும்பம் இந்தப் படையெடுப்புக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த விகாரையைக் கட்டியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருமானத்தைக் கொடுத்தவன் இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன். லெய்டன் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. அவ்வளவு நட்பாக இருந்தவர்கள் 1025இல் ஏன் போருக்குப் போனார்கள்? சீன ஆவணங்களைப் பார்த்தால் சோழத் தூதர்கள் 1015இல் சோங் அரசவைக்குப் போயிருக்கிறார்கள். நடுவழியில் மலாக்கா நீரிணை. அங்கே கப்பல்களை நிறுத்தி வசூலிக்கும் வலிமை ஸ்ரீவிஜயத்திடம். வணிகத் தகராறுதான் காரணம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், அரச கௌரவம் என்பவர்களும் இருக்கிறார்கள், கொள்ளைப் படையெடுப்பு என்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் ஆதாரத்தை வைத்து ஒரு பக்கம் எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: 1028இல் ஸ்ரீவிஜயத்திலிருந்து சீனாவுக்கு மறுபடி தூது போகிறது. அடியோடு அழிந்த அரசு மூன்றே ஆண்டில் தூது அனுப்புமா?

அரசர்களோடு நிறுத்திவிடவும் வேண்டாம். சுமத்ராவின் பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதை வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். படை வந்து போன பிறகும் வியாபாரிகள் அங்கே இருந்திருக்கிறார்கள், தமிழில் கணக்குப் பேசியிருக்கிறார்கள். எனக்குப் படையெடுப்பைவிட இவர்கள்மேல்தான் ஆர்வம் அதிகம்.

வீட்டில் இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பாருங்கள். பெருமை குறையாது. உங்கள் வகுப்பில் அந்தக் கல்வெட்டை மொழிபெயர்ப்பு இல்லாமல் படிக்கத் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

நான்காமாண்டு ஆய்வுக் கட்டுரைக்குச் சிங்கப்பூர்த் தமிழர்களைப் பற்றி ஏதாவது செய்ய ஆசை. வழிகாட்டும் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் ஆதாரங்களைப் பயன்படுத்தலாமா?
*மாணவர், தெம்பனிஸ்*

பயன்படுத்தலாம், கட்டாயம் பயன்படுத்த வேண்டும். மேற்கோள் காட்டும் பகுதிகளை மொழிபெயர்த்து, மூல வரிகளைப் பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள். தொடக்கத்திலேயே பேராசிரியரிடம் பேசி, மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத் தமிழ் தெரிந்த இன்னொருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றி ஆங்கில ஆவணத்தை மட்டும் வைத்து எழுதினால், காவல்துறையும் முதலாளியும் அவர்களைப் பற்றிச் சொன்னதுதான் கிடைக்கும். அவர்களே பேசியது தமிழில் இருக்கிறது. 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழ் இருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இருக்கிறது.

தலைப்பு வேண்டும் என்றால் ஒன்று தருகிறேன். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் புக்கிட் தீமாவில் இருந்தது. அங்கே இந்தியவியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கா என்று பெரிய விவாதம் கிளம்பியது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியின் பரிந்துரை சமஸ்கிருதத்தின் பக்கம் இருந்தது. சாரங்கபாணி முரசில் கடுமையாக எதிர்த்து எழுதினார், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். சாதாரண மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது, தமிழ் அதில் இடம்பெற்றது.

ஒரு பல்கலைக்கழகத் துறை என்ன பாடம் நடத்த வேண்டும் என்பதற்காகத் தொழிலாளர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள்! கொடுத்தவர்கள் யார், எந்த வேலை பார்த்தவர்கள், தங்கள் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள் என்று நம்பினார்களா? முரசு இந்த விவாதத்தில் ஒரு கட்சி என்பதால் அதே மாதத்து ஆங்கிலச் செய்தித்தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் இன்று மாணவியாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

நான் ஓய்வுபெற்ற தாதி. பல்கலைக்கழகத்தில் சேர வழியில்லை. ஆனால் இந்த மாதிரிப் பாடங்களைப் படிக்க ஆசையாக இருக்கிறது.
*வாசகி, தோ பாயோ*

அக்கா, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு வாருங்கள். பதினோராவது மாடியில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு இருக்கிறது. ஒரு பைசா செலவில்லை, குளிர்சாதனமும் உண்டு. பழைய செய்தித்தாள்களை நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிற்கால இதழ்கள் சிலவற்றை மட்டும் நூலகக் கணினியில்தான் திறக்க முடியும். கெனிங் ரைசில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1979இல் தொடங்கிய அதன் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு பதிவு செய்த பேட்டிகளில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். மருத்துவ வரலாறு உங்களுக்குப் பொருத்தம். பழைய மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களின் பேட்டிகளிலிருந்து தொடங்கலாம். நீங்கள் பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

பல்கலைக்கழகத்திலும் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?
*தொடக்கக் கல்லூரி மாணவர், பொங்கோல்*

பட்டியலாக வேண்டாம். எது முன்னால், எது பின்னால் என்பது மட்டும் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து பிரிட்டிஷ் அரசின் நேரடிக் காலனியானது 1867இல். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். கால்வாய் திறந்து கப்பல்கள் பெருகியதால்தான் சிங்கப்பூர் நேரடிக் காலனியானது என்று ஒரு மாணவர் எனக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். நடை அருமை, மேற்கோள்கள் அருமை. இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே வேறு காரணங்களைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.